நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு டிவிடியில் விண்டோஸ் அப்டேட் போடுவது எப்படி?

காரைக்குடியைச் சுற்றி நெட்டே இல்லாத கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் பில் போடுவது, ரைஸ் மில்லில் எடைமேடையோடு இணைத்திருப்பது, நகரத்தாரின் நகரக் கோயில் அலுவலகத்தில் புள்ளிக் கணக்கும் (குடும்பக் கணக்கு) வரி பாக்கியும் வைத்திருப்பது, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளை மட்டும் வந்து திறப்பது என்று பல வகை. சில இடங்களில் வேண்டுமென்றே நெட் கொடுப்பதில்லை. சில இடங்களில் கொடுக்க நினைத்தாலும் வழியில்லை. முகப்பில் நாலு கோடு காட்டும் செல்போன் சிக்னல் இரண்டாம் கட்டுக்குள் போனதும் படுத்துவிடும். சுவரின் கனம் அப்படி. ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்கலாம் என்றால், ஒரு நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி பேக்கில் ஓர் அப்டேட் பாதி இறங்குவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

"நெட்டே இல்லையே, அப்புறம் அப்டேட் எதுக்கு?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆடிட்டர் ஆபீஸ் பென்டிரைவ் மாதாமாதம் வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர் தன் பென்டிரைவைச் செருகுகிறார். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகும் அந்த வைரஸ் நெட் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைப்பது அப்டேட்தான். நெட் இல்லை என்பதால் ஓட்டை இல்லாமல் போய்விடாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். வேலையில் முக்கால்வாசி, நெட் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து சரியான ஃபைலைச் சரியாக இறக்குவதுதான். கம்ப்யூட்டர் முன்னால் செய்வது கொஞ்சம்தான், மீதி காத்திருப்பது.

பென்டிரைவ் போதாதா?

போதும். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு என்றால் பென்டிரைவே எடுத்துப் போங்கள். ஆனால் ஒரே நாளில் நாலு இடத்துக்குப் போகிறவர் என்றால் டிவிடிதான் நல்லது. முதல் கடையில் வைரஸ் இருந்தால் பென்டிரைவில் ஏறிக்கொண்டு நாலாவது கடைவரை கூடவே வரும். எழுதி மூடிய டிவிடியில் எதுவும் ஏறாது. 'வைரஸைக் கொண்டுவந்ததே நீதான்' என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த ஊர்ப் பழைய கம்ப்யூட்டர்களில் டிவிடி டிரைவ் பெரும்பாலும் இருக்கும். புது லேப்டாப்களில் இருக்காது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று கைவசம் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

முதலில் நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்

போனில் கேட்டால் "விண்டோஸ்தான் தம்பி, நீலக் கலர்" என்பார்கள். அது உதவாது. நேரில் போய் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். பதிப்பும் பில்டு எண்ணும் அதில் இருக்கும். பில்டு 19045 என்றால் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு. 22631 என்றால் விண்டோஸ் 11-இன் 23எச்2. 26100 என்றால் 24எச்2. 7601 என்றால் விண்டோஸ் 7, சர்வீஸ் பேக் 1 போட்டது. 7600 என்றால் சர்வீஸ் பேக்கே போடாதது. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11-இல் எந்த மாத அப்டேட் வரை போட்டிருக்கிறது என்பது அதில்தான் தெரியும்.

அடுத்து 32 பிட்டா, 64 பிட்டா என்பது. மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், சிஸ்டம் டைப். இதைப் பார்க்காமல் இறக்கினால் மொத்த வேலையும் வீண். பிறகு சி டிரைவில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். மாதாந்திர அப்டேட்டுக்குப் பத்து ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. பதிப்பையே உயர்த்துவதென்றால் இருபதுக்கு மேல் வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார், பாஸ்வேர்டும் அவர்கூடவே போயிருக்கும்.

டாஸ்க்பாரில் இருக்கும் தேதியையும் பாருங்கள். மாதக்கணக்கில் மெயின் அணைந்து கிடக்கும் வீடுகளில் மதர்போர்டு பேட்டரி செத்து, கம்ப்யூட்டர் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நின்றுகொண்டிருக்கும். அப்டேட் ஃபைலில் உள்ள மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கத் தேதி சரியாக இருக்க வேண்டும். சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரிதான் பெரும்பாலும். போகும்போது இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவிடி டிரைவையும் ஒருமுறை திறந்து மூடி, ஏதாவது பழைய டிஸ்க் போட்டுப் படிக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் பட்டறையில் சிமெண்டுத் தூசியும் மில்லில் தவிட்டுத் தூசியும் லென்ஸில் படிந்து, சுழலும் ஆனால் படிக்காது. டிரே திறக்கவே மறுத்தால் முன்பக்கம் ஊசித்துளை ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப்பை அதில் நேராக உள்ளே தள்ளினால் டிரே கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். படிக்காத டிரைவோடு மல்லுக்கட்ட வேண்டாம், உங்கள் யுஎஸ்பி டிரைவைச் செருகிக்கொள்ளுங்கள்.

கேட்டலாக்கில் இறக்குவது

மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்று ஓர் இணையதளம் உண்டு. விண்டோஸ் தானாக இறக்கிக்கொள்ளும் அதே அப்டேட்களைத் தனி ஃபைலாக அங்கே எடுக்கலாம், காசு கிடையாது. "எல்லா அப்டேட்டும் சேர்த்தது" என்று யாரோ கட்டிய டிஸ்க்குகள் கடைகளில் சுற்றும். அவற்றைத் தொடவே வேண்டாம். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வோர் அப்டேட்டுக்கும் கேபி என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. உங்கள் பதிப்பின் அப்டேட் வரலாற்றுப் பக்கத்தை மைக்ரோசாஃப்ட் தளத்தில் திறந்தால் கடைசி மாதத்தின் எண் மேலேயே இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் வெளியாகும். நமக்கு அது செவ்வாய் இரவு. நான் அந்த வாரமே ஓட மாட்டேன். ஒரு வாரம் பொறுத்தால் அதில் கோளாறு இருந்தால் ஊரே பேசியிருக்கும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மாத அப்டேட் முந்தைய மாதங்களையும் சேர்த்தது. ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலும் கடைசி ஒன்று போதும், பன்னிரண்டையும் இறக்க வேண்டியதில்லை. கேபி எண்ணைக் கேட்டலாக்கில் தேடினால் பல வரிகள் வரும். தலைப்பு முழுவதையும் படியுங்கள். விண்டோஸ் சர்வர் என்றிருப்பது நமக்கில்லை. ஏஆர்எம்64 என்பது வேறு வகை பிராசஸருக்கு, அதுவும் நமக்கில்லை. பிரிவியூ என்றிருப்பது வெள்ளோட்டம், விடுங்கள். 'டைனமிக்' என்ற சொல்லோடு வரும் வரியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது. அது விண்டோஸ் நிறுவும் செட்டப்புக்கானது, இரட்டைக் கிளிக்கில் போட முடியாது. வருடம், மாதத்துக்குப் பின் 'க்யூமுலேட்டிவ் அப்டேட்' என்று வந்து, உங்கள் பதிப்பும், 64 பிட் என்றால் எக்ஸ்64-உம், 32 பிட் என்றால் எக்ஸ்86-உம் இருக்கும் வரிதான் வேண்டும். எம்எஸ்யூ என்று முடியும் ஃபைலாக அது இறங்கும்.

விண்டோஸ் 11 24எச்2-இல் ஒரு சுற்று கூடுதல். டவுன்லோட் பெட்டியில் இரண்டு மூன்று ஃபைல்கள் சேர்ந்து வரும். அதில் 2024 செப்டம்பரில் வந்த கேபி 5043080 ஒரு படிக்கட்டு மாதிரி. அதில் ஏறிய பிறகே அடுத்தது ஏறும். பெட்டியில் காட்டும் எல்லாவற்றையும் இறக்கி, சின்ன எண்ணிலிருந்து வரிசையாகப் போடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களிடம் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. அன்று வெளியான அப்டேட் வரை போடலாம். அதன் பிறகு வருபவை வேண்டுமென்றால் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும், அதற்கு நெட் வேண்டும். சும்மா இறக்கிக் கொண்டுபோய்ப் போட்டால் ஏறாது.

கம்ப்யூட்டரில் 22எச்2-க்கு முந்தைய பழைய பதிப்பு இருந்தால் மாத அப்டேட்டால் பயனில்லை. விண்டோஸ் 10-இன் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவும் டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பது) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, பதிப்பை உயர்த்த வேண்டும். அது பெரும்பாலும் சாதாரண டிவிடியில் அடங்காது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும், பழைய டிரைவ்கள் அதைப் படிக்கத் தகராறு செய்யும். இதற்கு மட்டும் பென்டிரைவ்தான் என் வழி. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் எஃப்ஏடி32-இல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மொழியும் பொருந்த வேண்டும். நம் ஊர்க் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' இருக்கும். நீங்கள் வெறும் 'இங்கிலீஷ்' இறக்கிப் போனால், ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மங்கலாகிக் கிளிக் ஆகாது. டேலி என்ற கணக்கு மென்பொருள் போட்ட கம்ப்யூட்டரில் அந்த வாய்ப்பு இல்லாமல் மேலே போகவே கூடாது.

விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது. எடைமேடை மென்பொருள் அதில்தான் வேலை செய்யும் என்று மில்காரர் மாற்ற மாட்டார். 2020 ஜனவரி 14-உடன் அதன் ஆதரவு முடிந்தது. கைவிடச் சொல்வது உங்கள் கடமை. கேட்க மாட்டார் என்றால், இருப்பதில் முழுமையான நிலைக்காவது கொண்டுவந்து விடலாம். விண்டோஸ் 10 போல ஒரே ஃபைலில் முடியாது, வரிசை தப்பினால் எதுவும் ஏறாது. நான் போடும் வரிசை இது:

1. சர்வீஸ் பேக் 1, பில்டு 7600 என்றிருந்தால் மட்டும். கேட்டலாக்கில் கேபி 976932.
2. கேபி 3020369. சின்ன ஃபைல், ஆனால் அடுத்தது ஏற இது வேண்டும்.
3. கேபி 3125574. சர்வீஸ் பேக்குக்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டை.
4. கேபி 4490628.
5. கேபி 4474419.
6. கேபி 4534310. 2020 ஜனவரியின் கடைசி மாதாந்திரத் தொகுப்பு.

நான்கும் ஐந்தும் எதற்கென்றால், மைக்ரோசாஃப்ட் தன் டிஜிட்டல் கையெழுத்தை எஸ்எச்ஏ-2 முறைக்கு மாற்றிவிட்டது. பழைய விண்டோஸ் 7-க்கு அந்தக் கையெழுத்தை அடையாளம் தெரியாது. தெரியவைப்பவை இந்த இரண்டும்தான். இவற்றைப் போடாமல் ஆறாவதைப் போட்டுவிட்டு "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று திரும்பத் திரும்ப இறக்குகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ரீஸ்டார்ட் கேட்டால் கொடுங்கள். சேர்த்து வைத்து ஒரே ரீஸ்டார்ட் என்று கணக்குப் போட வேண்டாம். டிஸ்க்கில் ஃபைல் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் சேர்த்து வைத்தால் மில் சத்தத்திலும் குழப்பம் வராது.

டிஸ்க்கில் எழுதுவது

டிவிடியின் மேல் 4.7 ஜிபி என்றிருக்கும். விண்டோஸ் எண்ணும் முறையில் அது 4.37 ஜிபிதான், அதற்குள் அடக்குங்கள். காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு விதம் கேட்கும்: பென்டிரைவ் மாதிரி வைத்துக்கொள்வதா, சிடி டிவிடி பிளேயரில் ஓடும்படி எழுதுவதா என்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் எழுதி மூடிய டிஸ்க், பழைய டிரைவ்களிலும் திறக்கும். எழுதும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். அவசரமாக எழுதியதைத் தூசி பிடித்த டிரைவ் படிக்கத் திணறும்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கேட்டலாக்கிலிருந்து இறங்கும் ஃபைலின் பெயர் நீளமாக இருக்கும். அடிக்கோட்டுக்குப் பின்னால் எண்ணும் எழுத்துமாக நாற்பது குறிகள் வரும். அது சும்மா இல்லை, அந்த ஃபைலின் எஸ்எச்ஏ-1 கணக்கு, ஃபைலின் கைரேகை மாதிரி. 7-ஜிப் என்ற ஜிப் மென்பொருள் நிறுவியிருந்தால், டிஸ்க்கில் உள்ள ஃபைல்மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ என்பதில் எஸ்எச்ஏ-1-ஐக் கேளுங்கள். வரும் நாற்பதும் பெயரில் உள்ள நாற்பதும் ஒன்றாக இருந்தால் ஃபைல் முழுசாக, சரியாக ஏறியிருக்கிறது. நான் முதல் நாலையும் கடைசி நாலையும் பார்ப்பேன், அது போதும். பெயரை மாற்றி எண் சேர்ப்பவர்கள் முன்னால் மட்டும் சேருங்கள், வாலை வெட்டிவிடாதீர்கள்.

டிஸ்க்கின் மேல் மார்க்கர் பேனாவால் பதிப்பு, பிட், மாதம் மூன்றையும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடாது, அழுத்தினால் கீறல் விழும்.

போடும் நாள்

கிளம்புமுன் பேப்பரில் 'நாளைய மின்தடை' பகுதியைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு எடுத்தால் சாயங்காலம்தான் வரும். யுபிஎஸ் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பேட்டரி மாற்றியே பல வருடம் ஆன யுபிஎஸ்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதலில் பேக்கப். டேலியின் டேட்டா ஃபோல்டர், புள்ளிக் கணக்கு வைத்திருக்கும் எக்செல், எடைச்சீட்டு மென்பொருளின் டேட்டாபேஸ் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். லேப்டாப் என்றால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பார்த்து, போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், ரெக்கவரி கீயையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டில் 48 இலக்கக் கீயைக் கேட்டு நிற்கக்கூடும்.

பிறகு டிஸ்க்கிலிருந்து நேராகப் போடாமல், சி டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து அதில் காப்பி செய்யுங்கள். காப்பி ஆகும்போதே டிஸ்க்கில் படிக்காத இடம் இருந்தால் தெரிந்துவிடும். பாதி அப்டேட்டில் தெரிவதைவிட அது மேல். அப்புறம் இரட்டைக் கிளிக். "இந்தக் கம்ப்யூட்டரில் அப்டேட்களைத் தேடுகிறது" என்று ஒரு பச்சைக் கோடு ஓடும். கொஞ்ச நேரத்தில் போடவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள்.

விண்டோஸ் 7-இல் அந்தப் பச்சைக் கோடு மணிக்கணக்கில் ஓடும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் என்பதை ஸ்டாப் செய்துவிட்டு உடனே ஃபைலைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் சட்டென்று நகரும்.

ரீஸ்டார்ட்டில்தான் பொறுமை வேண்டும். முப்பது சதவீதத்தில் அப்படியே நிற்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு மணி நேரம்கூட நிற்கலாம். முன்பக்க விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. பெரிய வீடுகளில் இந்த நேரத்தில்தான் பேச்சு வரும்.

"தம்பி, எம்புட்டு நேரமாகும்? மெயினை அணைச்சிட்டுப் பூட்டிறலாமா?"

"ஆச்சி, மெயினை மட்டும் தொடாதீக. அது தானா அணைஞ்சு தானா வரும். நான் இருந்து பூட்டிட்டு, சாவியைக் கொண்டாந்து குடுத்திர்றேன்."

அந்த வீடுகளில் ஆள் வெளியே கிளம்பினால் மெயின் சுவிட்சை இறக்குவது பழக்கம். உங்களிடம் கேட்காமலும் இறக்குவார்கள். அதனால் வந்ததுமே சொல்லி வையுங்கள்.

திரும்ப வந்ததும் அந்த ஆறு எழுத்தை மறுபடி தட்டி, பில்டின் கடைசி எண் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். விண்டோஸ் 7-இல் அந்த எண் வராது, கன்ட்ரோல் பேனலில் நிறுவிய அப்டேட்கள் பட்டியலைப் பாருங்கள். டேலியில் ஒரு பில்லைத் திறந்து பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். எடைமேடை என்றால் ஒரு வண்டி ஏறட்டும்.

ஏறாவிட்டால்

"இந்த அப்டேட் உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது" என்பதுதான் அடிக்கடி வரும் செய்தி. பிட் மாறியிருக்கும், பதிப்பு மாறியிருக்கும், முன்னால் போட வேண்டியது விட்டுப்போயிருக்கும், அல்லது ஏற்கெனவே போட்டிருக்கும். நீங்கள் எழுதி வந்த சீட்டையும் ஃபைல் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும். 0x800f0831 என்ற பிழை வந்தால் முந்தைய அப்டேட் ஒன்று உள்ளே குறைபட்டுக் கிடக்கிறது. எது என்று, அப்டேட் வேலைகளை விண்டோஸ் பதிந்துவைக்கும் சிபிஎஸ் லாகில் கேபி எண்ணோடு எழுதியிருக்கும். அதை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் புதியது.

போட்ட பிறகு பிரிண்டர் ஓடவில்லை, எடைமேடை மென்பொருள் திறக்கவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் நிறுவிய அப்டேட்கள் பட்டியலைத் திறந்து, அந்தக் கேபி எண்ணைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். விண்டோஸே எழவில்லை என்றால், பாதியில் இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால் விண்டோஸ் 10, 11-இல் ரிப்பேர் திரை வரும். அதிலும் கடைசி அப்டேட்டை நீக்கும் வழி உண்டு.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்பதுண்டு. அது டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, அதனால் முறையே வேறு. ஏப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி, என்னென்ன வேண்டும் என்று அந்த லேப்டாப்பிலேயே ஒரு பட்டியல் ஃபைல் எழுதித் தரும். அதை நெட் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாவற்றையும் இறக்கி ஒரே மூட்டையாகக் கட்டும். திரும்ப வந்து அந்த மூட்டையைக் காட்டி நிறுவிக்கொள்ளலாம். அந்தக் கருவி முன்பே உள்ளே இருக்க வேண்டும் என்பதால், முதல் தடவை அதன் தொகுப்பையும் டிஸ்க்கில் எடுத்துப் போங்கள்.